பாவேந்தரும் உபகாரச் சம்பளமும்

புதுவை நகரினின்றும் தெற்கு நோக்கிப் பாகூரை அடைந்து, ஆங்குள்ள பேரேரியையும் மூலநாதர் திருக்கோயிலையும் கண்டு, பின்னும் தெற்கே செல்வோமாயின், தென்பெண்ணையாற்றங்கரையில் சோரியாங்குப்பம் என்னும் சிற்றூரைக் காண்போம். பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த இவ்வூர் 1954-ஆம் ஆண்டுவரை பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆற்றைக் கடந்து கடலூர்ப் பக்கம் சென்றாலோ, 1947-ஆம் ஆண்டுவரை ஆங்கில ஆட்சி. ஓர் ஆற்றின் நீரே இரு கரை வயல்களுக்கும் பாய்ந்தது. ஒரு மொழியே இரு கரையிலும் வழங்கிற்று. ஆயினும் இக்கரை உபாத்தியாயருக்குச் சம்பளம் அளித்தது ஓர் அரசு. அக்கரை உபாத்தியாயருக்கு அளித்தது மற்றோர் அரசு.

இத்தகைய எல்லைப்புறச் சிற்றூர்களில் அரசு என்பது கொடியன்று, கவர்னர் மாளிகையுமன்று. பள்ளியில் எழுத்தறிவித்த உபாத்தியாயரும், மேரியில் பிறப்பு இறப்புக் கணக்கு எழுதிய குமாஸ்தாவும், காவல் புரிந்த சிப்பாயுமே ஊராருக்கு அரசாவர். ஒருநாள் அக்கொடி இறக்கப்பட்டு வேறொரு கொடி ஏற்றப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். முப்பதாண்டு உழைத்து மூப்பெய்திய அவ்வுபாத்தியாயர் யாருடைய ஊழியர்? அவருக்குரிய உபகாரச் சம்பளத்தை இனித் தருவார் யார்? போனவர் போய்விட்டார், வந்தவரோ, எமக்கு ஊழியம் செய்யாதவருக்கு யாம் ஏன் தரவேண்டும் என்று வினவலாம். இவ்வினாவைச் சட்ட நூல்கொண்டு ஆராய்வதினும், தமிழுலகம் நன்கறிந்த ஒருவரது வாழ்க்கையைக்கொண்டு ஆராய்தல் மாணவர்க்கு எளிதாகும் எனக் கருதுகின்றோம். அவர் பாவேந்தர் பாரதிதாசனார். அவரைப் புலவராக அறிந்தோர் பலர். பிரெஞ்சு அரசாங்கத்தின்கீழ் முப்பத்தேழு ஆண்டு சம்பளம் பெற்ற உத்தியோகஸ்தராக எண்ணிப் பார்த்தோர் சிலரே.

சுப்புரத்தினம் என்னும் இயற்பெயர் கொண்ட அவர், 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29-ஆம் நாள் புதுவையில், கனகசபை முதலியாருக்கும் இலக்குமி அம்மையாருக்கும் மகவாகத் தோன்றினார். பங்காரு பத்தர், பு. அ. பெரியசாமிப் பிள்ளை முதலிய புலவர்பால் தமிழ் பயின்று, கல்வே கல்லூரியிலும் கற்றுத் தேர்ந்தார். 1909-ஆம் ஆண்டில், பதினெட்டாம் அகவையில், காரைக்காற் பகுதியில் அரசினர் பள்ளித் தமிழாசிரியராக நியமனம் பெற்றார். அற்றைநாளில் அரசாங்க உபாத்தியாயர் வேலை கிடைத்தல் அரிய பேறு. மாதந்தோறும் சம்பளம் தவறாது வரும். முதுமையில் உபகாரச் சம்பளமும் உண்டு என்னும் உறுதியே பெற்றோர் பலரையும் தம் மக்களை அவ்வழிச் செலுத்தத் தூண்டிற்று.

அக்காலத்திலேதான் ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பி வந்த சுப்பிரமணிய பாரதியார் புதுவையில் வாழ்ந்திருந்தார். 1908 முதல் 1918 வரை பத்தாண்டு அவர் அங்கே தங்கினார். இளைஞர் சுப்புரத்தினம் அவரைக் கண்டார். அவர் பாட்டில் ஈடுபட்டார். தம் பெயரையே பாரதிதாசன் என்று அமைத்துக்கொண்டார். பகலில் அரசாங்கப் பள்ளியில் பாடம் சொல்லுதல். மற்றைப் போதில் அயல்நாட்டு ஆட்சியை வெறுத்த தேசபக்தருடன் உறவாடுதல். இவ்விரண்டும் ஒருவரிடத்தே பொருந்தியிருத்தல் எளிதன்று.

அதன் பயன் விரைவில் விளைந்தது. 1918-ஆம் ஆண்டளவில் அரசுக்கு எதிரானவர் என்னும் குற்றச்சாட்டின்மேல் அவர் ஒன்றேகால் ஆண்டு சிறையில் இருந்தார் என்றும், வேலையினின்றும் நீக்கப்பெற்றார் என்றும், பின்னர்க் குற்றமின்மை தெளியப்பட்டு விடுதலையுற்று, வேலை நீக்கத்தை எதிர்த்து வழக்காடி வென்று மீண்டும் ஆசிரியப்பணி ஏற்றார் என்றும் அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். மாணவர்காள், இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்குக. தம்மைச் சிறையிட்ட அரசின் மீதே அவ்வரசின் நீதிமன்றத்தில் வழக்காடித் தம் வேலையை மீட்டார் ஒரு தமிழ் உபாத்தியாயர். உத்தியோகம் என்பது ஆள்வோர் மகிழ்ந்தால் அளித்து வெகுண்டால் பறிக்கும் பரிசிலன்று. அது சட்டத்தால் வரையறுக்கப்பட்ட உரிமை என்பதை அவர் வாழ்க்கை அன்றே காட்டிற்று.

அதன்பின் அவர் 1920-ஆம் ஆண்டில் பழநியம்மையாரை மணந்தார். மக்கள் நால்வர் பிறந்தனர். பற்பல ஊர்ப் பள்ளிகளுக்கு மாற்றப்பெற்றுச் சென்று கற்பித்தார். கதரைத் தோளிற் சுமந்து விற்றதும், பின்னர்ச் சுயமரியாதை இயக்கத்திற் சேர்ந்ததும், கிறுக்கன், கிண்டற்காரன் முதலிய புனைபெயர்களால் எழுதியதும் எல்லாம் அரசாங்க உபாத்தியாயராக இருந்த காலத்தனவே. 1938-ஆம் ஆண்டில் அவர்தம் கவிதைகளின் முதற்றொகுதி வெளிவந்தது. அதனைப் பதிப்பித்தவர் குஞ்சிதம் குருசாமி அம்மையார். பொருளுதவி புரிந்தவர் கடலூர் நாராயணசாமி நாயுடு. பெண்ணையாற்றின் அக்கரைச் செல்வர் இக்கரைப் புலவரின் நூலை உலகுக்கு அளித்தார். ஆட்சியின் எல்லை அன்புக்கு எல்லையாகவில்லை. பாண்டியன் பரிசு, அழகின் சிரிப்பு, குடும்ப விளக்கின் முற்பகுதி ஆகியவும் அவர் ஓய்வு பெறுமுன்னரே வெளிவந்தவை. தமிழ் நாட்டின் பெருங்கவிஞருள் ஒருவர், மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்திய பள்ளியாசிரியராகவே இந்நூல்களை ஆக்கினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1946-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அறிஞர் அண்ணாவின் முயற்சியால் சென்னையில் நிகழ்ந்த பெருங்கூட்டத்தில் அவருக்கு இருபத்தையாயிரம் ரூபாய் கொண்ட பொற்கிழி அளிக்கப்பெற்றது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அவர் பள்ளிப்பணியினின்றும் ஓய்வு பெற்றார். பொற்கிழி மக்கள் அன்பினால் வந்தது. அஃது ஒருமுறையே வருவது. உபகாரச் சம்பளமோ உழைப்பினால் வருவது; உயிருள்ளவரை வருதற்குரியது. இவ்விரண்டின் வேறுபாட்டை நம் மாணவர் உணர்தல் வேண்டும்.

உபகாரச் சம்பளம் என்னும் சொற்றொடரே சிறிது மயக்கம் தருவது. உபகாரம் என்றவுடன், கொடுப்பவர் இரக்கத்தால் கொடுப்பது என்னும் எண்ணம் எழுகின்றது. உண்மை அதுவன்று. பிரான்சு தேசத்தில் 1853-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், அரசாங்க ஊழியரின் சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்து விழுக்காடு பிடித்தம் செய்து, அதனை அடிப்படையாகக் கொண்டு முதுமையிற் பென்ஷன் அளிக்க ஏற்பாடு செய்தது. குடியேற்ற நாடுகளிலும் வட்டார ஊழியருக்கென ஓய்வு நிதிகள் அமைக்கப்பட்டன. ஆகவே ஊழியர் தாம் பெறவேண்டிய கூலியில் ஒரு பகுதியை இளமையிலே பெறாது விட்டு, முதுமையிலே பெறுகின்றார். உழவன் விதைநெல்லைக் குதிரில் இட்டு வைப்பது போன்றது இது. குதிர் இருக்கும் வீடு கைமாறினால், புதிதாய் வந்தவர் அந்நெல்லைத் தமதென்று கொள்ளுதல் அறமாகுமோ?

நிற்க. பாரதிதாசனார் ஓய்வு பெற்ற மறு ஆண்டே ஆங்கிலேயர் இந்தியாவை விட்டு அகன்றனர். புதுவையில் மட்டும் மூவண்ணப் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. விடுதலைக் கிளர்ச்சி ஓங்கிற்று. 1954-ஆம் ஆண்டின் முற்பாதியில் நெட்டப்பாக்கம், பாகூர் முதலிய கொம்யூன்கள் பிரெஞ்சு நிருவாகத்தினின்றும் பிரிந்தன. அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். அவருள் 170 பேர் இந்தியாவுடன் இணைதலே தக்கதென்றனர். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 21-ஆம் நாள், புதுதில்லியில் இரு அரசுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. பிரெஞ்சுக் கொடி இறங்கிற்று.

கொடியிறங்கும் விழாவைப் பற்றி எழுதினோர் பலர். அவ்வுடன்படிக்கையில் ஊழியரைப் பற்றி எழுதப்பட்ட விதிகளைப் படித்தோர் சிலரே. பிரான்சின் பொதுப்பணிப் பிரிவுகளைச் சேர்ந்தோர் ஒழிய, புதுவை முதலிய இடங்களின் ஊழியர் அனைவரையும் இந்திய அரசு தன் ஊழியராக ஏற்றுக்கொள்ளும். சம்பளம், விடுமுறை, பென்ஷன் ஆகியவற்றில் அவர்கள் முன்பு பெற்றிருந்த உரிமைகளையோ, மாறிய நிலைமை இடந்தருமளவு அவற்றை ஒத்த உரிமைகளையோ பெறுவர். ஆட்சி மாறுமுன் கடமையின்பொருட்டுச் செய்த செயலுக்காக ஒருவரும் வேலை நீக்கப்படார் என்பன அவற்றின் கருத்து. பாகூர்ப் பள்ளி உபாத்தியாயரும் மேரிக் குமாஸ்தாவும் அன்றிரவு அச்சமின்றி உறங்குதற்கு இவ்விதிகள் வழிசெய்தன.

இவ்விடத்து ஒரு வியப்பைச் சொல்ல விரும்புகின்றோம். மாறிய நிலைமை இடந்தருமளவு என்னும் அவ்வரையறை புதுவைக்கென்று புதிதாக ஆக்கப்பட்டதன்று. 1947-ஆம் ஆண்டு இந்திய விடுதலைச் சட்டத்தின் பத்தாம் பிரிவில், ஐ.ஸி.எஸ். முதலிய பெரும்பதவியாளரின் உரிமையைக் காக்க ஏறத்தாழ அதே வாசகம் எழுதப்பட்டது. பின்னர் இந்திய அரசியலமைப்பின் 314-ஆம் உறுப்பிலும் அது புகுந்தது. அவ்வுறுப்பை அரசியல் நிர்ணய சபையில் எதிர்த்தவர் உண்டு. அயலார்க்கு ஊழியம் செய்தவருக்கு இத்துணைப் பாதுகாப்பு வேண்டுமோ என்று அவர்கள் வினவினர். சர்தார் வல்லபாய் பட்டேல் 1949-ஆம் ஆண்டில் அவர்களுக்கு விடையிறுத்து, கொடுத்த வாக்கைக் காத்தல் புதிய அரசின் கடமையென்று வற்புறுத்தினார். சிறையிருந்து விடுதலை பெற்ற தலைவரே அவ்வாறு வாதாடியது போற்றத்தக்கது. பல்லாயிரம் ரூபாய் ஊதியம் பெற்ற ஐ.ஸி.எஸ். அதிகாரிக்கு அமைந்த வாசகமே, ஏழாண்டு கழித்துப் பெண்ணையாற்றங்கரைப் பள்ளி உபாத்தியாயருக்கும் காப்பாக வந்தது. ஆயினும் 314-ஆம் உறுப்பு 1972-ஆம் ஆண்டின் இருபத்தெட்டாம் திருத்தத்தால் நீக்கப்பட்டது என்பதையும் மறைக்கலாகாது. எழுத்தில் உள்ள உறுதியும் காவலின்றி நில்லாது.

புதுவை ஊழியர்க்கு அச்சம் முற்றும் நீங்கிற்று என்றும் சொல்லுதற்கில்லை. 1954-இல் கைமாறியது நிருவாகமே; சட்ட முறையான இறைமை கைமாறவில்லை. அதற்குரிய ஒப்பந்தம் 1956-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள் கையெழுத்தாயிற்று. அதனைப் பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஏற்க ஆண்டுகள் சென்றன. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாளே அது நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட எட்டாண்டுகளில் புதுவை மக்கள், சட்டத்தில் ஒரு நாட்டாராகவும் நடப்பில் மற்றொரு நாட்டாராகவும் இருந்தனர்.

பென்ஷன் யார் பொறுப்பு என்னும் வினாவுக்கு அவ்வொப்பந்தம் தெளிவான விடை கூறிற்று. பிரான்சு தேசத்து வரவு செலவுத் திட்டத்தினின்றும் அளிக்கப்பட்டுவந்த பென்ஷன்களை, பெறுவோர் இந்தியக் குடியாகிவிட்டாலும், பிரான்சே தொடர்ந்து அளிக்க வேண்டும். வட்டார வரவு செலவுத் திட்டத்தினின்றும் அளிக்கப்பட்டவற்றை இந்தியா அளிக்க வேண்டும். வட்டார ஓய்வு நிதிகளின் விதிகள் தொடர்ந்து நடைபெற வேண்டும். பிரெஞ்சுப் படையில் ஊழியம் செய்து மீண்டவரைப் புதுவையார் சொல்தா என்று அழைப்பர். இந்தோசீனம் முதலிய தொலைநாடுகளில் உழைத்துப் பிறந்த ஊர் திரும்பிய அவருக்கும், உள்ளூரிலேயே உழைத்த உபாத்தியாயருக்கும் தனித்தனியே வழி வகுக்கப்பட்டது. குடியுரிமையைப் பொறுத்தவரை, புதுவையில் பிறந்து அங்கு வாழ்வோர் இந்தியக் குடிகளாவர் என்றும், விரும்புவோர் ஆறு திங்களுக்குள் எழுத்து மூலம் அறிவித்துப் பிரெஞ்சுக் குடிகளாகவே இருக்கலாம் என்றும் விதிக்கப்பட்டது. ஏறக்குறைய ஐயாயிரவர் அவ்வாறு அறிவித்தனர். பென்ஷனுக்காகக் குடியுரிமையை விற்க வேண்டுவதில்லை. குடியுரிமைக்காகப் பென்ஷனை இழக்க வேண்டுவதுமில்லை என்பதே அவ்வொப்பந்தத்தின் சிறப்பு.

இதனை மறுப்போர் கூற்றையும் கேட்டல் முறை. விடுதலைக்கு உழைத்துத் தடியடி பட்டவர் சிலர், வேலையைத் துறந்து வறுமையுற்றவர் சிலர். அவருக்கு யாதொரு பென்ஷனும் இல்லாதிருக்க, அவரை அடித்த சிப்பாய்க்கு மாதந்தோறும் பணம் வருதல் நியாயமோ என்பர். இவ்வினா நெஞ்சைச் சுடுவது. ஆயினும் யாம் கருதுவது இது: ஒருவன் கொடுமை செய்தானாயின் அதனை நீதிமன்றம் விசாரிக்கட்டும், அவன் உழைத்த நாளுக்குரிய கூலியைப் பறித்தல் தண்டனையாகாது, கொள்ளையாகும். மேலும், அவ்வாறு பறிக்கத் தொடங்கினால் முதலில் அழிவோர் சிப்பாய்கள் அல்லர். எழுத்தறிவித்த உபாத்தியாயரும், மருந்து கொடுத்த செவிலியரும், அவர்தம் கைம்பெண்டிருமே ஆவர். தியாகிகளுக்குச் செய்யவேண்டிய நன்றியைப் புதிய அரசு தனியே செய்தல் வேண்டும். பிறர் கூலியை எடுத்துச் செய்தலாகாது.

பாரதிதாசனாரையே எடுத்துக்கொள்வோம். முப்பத்தேழு ஆண்டு பிரெஞ்சு அரசின் சம்பளம் பெற்ற அவரை அயலாரின் ஊழியர் என்று புறந்தள்ளத் துணிவார் யார்? அவர் கற்பித்தது தமிழ். கற்றவர் நம் மக்கள். சம்பளம் வந்த கை வேறு. ஊழியம் சென்ற இடம் வேறு. கொடி எவருடையதாயினும், உபாத்தியாயரின் உழைப்பு அந்நிலத்து மக்களுக்கே சென்றது. ஆதலின் அக்கடன் அந்நிலத்தின் மேலது; நிலத்தை ஏற்றவர் கடனையும் ஏற்றலே முறை. ஆட்சி மாறிய மறு ஆண்டே, 1955-இல், அம்முதிய உபாத்தியாயரைப் புதுவை மக்கள் தம் பிரதிநிதியாக அவைக்குத் தேர்ந்தெடுத்தனர். இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அதன்பின் அவர் குயில் என்னும் இதழை நடத்தினார். குறிஞ்சித்திட்டு முதலிய நூல்களை ஆக்கினார். திரைப்படம் எடுக்க விரும்பிச் சென்னையிற் குடியேறினார். சட்டமுறை இணைப்பு நிறைவெய்திய பின் இரண்டாண்டும் நிரம்புமுன், 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ஆம் நாள், சென்னையில் உயிர்நீத்தார். அவருடல் புதுவைக்குக் கொணரப்பட்டு அடக்கம் செய்யப்பெற்றது. பிசிராந்தையார் என்னும் அவருடைய நாடகத்திற்குச் சாகித்திய அகாடெமிப் பரிசு அவர் மறைவிற்குப் பின் வழங்கப்பட்டது. அவருடைய கொள்கைகள் அனைத்தையும் நம்முள் எல்லாரும் ஒப்புவர் என்பதில்லை. ஆயினும் தம் கருத்தை மறையாது கூறியதற்காக அவர் முதுமைச் சோறு பறிக்கப்படலாகாது என்பதில் நம்முள் இருவேறு கருத்து இராது.

மீண்டும் பாகூருக்கே வருவோம். ஆயிரத்து நூறாண்டுகளுக்கு முன், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டதைச் செப்பேடு ஒன்று கூறுகின்றது. கற்பிப்போருக்கும் கற்போருக்கும் கவலையற்ற வாழ்வு அமைதற்கு அன்று செய்த ஏற்பாடு அது. இத்தகைய சாசனங்களின் இறுதியில், வருங்காலத்து அரசர் இவ்வறத்தை அழியாது காத்தல் வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுதல் மரபு. தம் குலம் என்றும் ஆளாது என்பதை அவ்வரசர் அறிந்திருந்தனர். பல்லவர் போயினர், சோழர் வந்தனர், அவரும் போயினர். 1752-ஆம் ஆண்டில் அதே பாகூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். புதுவை 1761-இலும், 1778-இலும், 1793-இலும் ஆங்கிலேயர் கைப்பட்டு, 1816-இல் முடிவாகப் பிரெஞ்சுக்காரரிடம் மீண்டது. கொடிகள் இத்துணை முறை மாறிய மண்ணில், முன்னவர் கொடுத்த வாக்கைப் பின்னவர் காத்தல் வேண்டும் என்னும் செப்பேட்டு அறமும், 1956-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பென்ஷன் விதியும் ஒன்றையே கூறுகின்றன.

முன்னோர் உபகாரச் சம்பளம் என்றதை இக்காலத்தார் ஓய்வூதியம் என்கின்றனர். உபகாரம் ஊதியமாயிற்று. இச்சொன்மாற்றத்திலேயே ஒரு வரலாறு அடங்கியிருக்கின்றது. பென்ஷன் என்பது ஆள்வோர் மனம்போல் அளிக்கும் கொடையன்று, உழைத்தவரின் உரிமையே என்று 1982-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் நகாரா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் தீர்ப்புரைத்தது. நம் கல்லூரியினின்றும் வெளிச்சென்று பலர் அரசாங்க ஊழியம் ஏற்பர். சிலர் ஆளும் நிலையும் எய்தலாம். ஊழியம் ஏற்பவர், அரசுகள் மாறும். தாம் தொண்டு செய்வது மக்களுக்கே என்பதை மறவாதிருப்பாராக. ஆளவருபவரோ, முன்னவர் போனவழி அவர்தம் கடனும் போயிற்று என்று கருதாதிருப்பாராக. பெண்ணையாற்றங்கரையில் எழுத்தறிவித்து மூத்த ஓர் உபாத்தியாயர் மாதம் பிறந்தவுடன் தம் ஊதியத்தை அச்சமின்றி எதிர்பார்த்திருத்தல் கூடுமாயின், அந்நாட்டில் ஆட்சி செம்மையாக மாறிற்று என்று நாம் துணிந்து கூறலாம்.